வரலாற்றில் பிஎச்டி, பல்கலைக்கழக வேலை இல்லை: டர்பனில் மரபுத் துறைக்குப் போவது எப்படி?

கேள்வி:
வணக்கம். என் ஆய்வு 1860-க்குப் பிந்தைய நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி) இந்திய ஒப்பந்தக் கூலிகள் பற்றியது. கப்பல் பதிவேடு, பழைய கோயில்கள், ஆவணக் காப்பகம் எல்லாம் பழக்கம். மரபு ஆலோசகர் (பழைய கட்டடம், இடங்களின் மதிப்பை ஆராய்ந்து சொல்பவர்) வேலைக்கு எங்கே தொடங்குவது? சிவியில் ஆய்வேட்டை எப்படிப் போடுவது?

பதில் 1:
சட்டத்தில் தொடங்குங்கள்: தென்னாப்பிரிக்காவின் தேசிய மரபு வளச் சட்டம், 1999-இன் 25-ஆம் எண். 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ அனுமதி வேண்டும் (பிரிவு 34). 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, குழாய்ப் பாதை, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையின் தன்மையை மாற்றும் வேலை என்றால் மரபு அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் (பிரிவு 38). அப்போது அவர்கள் மரபுத் தாக்க அறிக்கை (அந்த வேலையால் பழைய கட்டடம், இடங்களுக்கு என்ன ஆகும் என்பது) கேட்கலாம். உங்கள் பிழைப்பு அதில்தான்.

பிஎச்டிக்காரர்கள் சறுக்குவது எழுத்தில். நாற்பது பக்கம் பின்னணி, பரிந்துரை கடைசியில் இரண்டு வரி! அறிக்கையைப் பார்க்கும் அதிகாரி தேடுவது ஒன்றுதான்: உதாரணமாக, ஒரு தகரக் கூரைக் கோயிலில் எது நிற்க வேண்டும், எது போகலாம், ஏன். அதை முதல் பக்கத்தில் வையுங்கள். சுவர் வாரியாகப் படம், எண், காலம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் மண்ணைத் தோண்டாதீர்கள். அது அனுமதி பெற்ற தொல்லியலாளர் வேலை. பழைய கல்லறை தென்பட்டாலும் அப்படித்தான்.

சிவி இரண்டு பக்கம் போதும். ஆய்வேட்டுத் தலைப்புக்கு ஒரு வரி. "காலனியக் கதையாடல்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. எத்தனை பதிவேடு படித்தீர்கள், எத்தனை வாய்மொழி நேர்காணல், எந்த மொழிகளில் என்று எண்ணோடு போடுங்கள். தமிழ்க் கல்வெட்டு படிப்பது தனி வரி.

கேட்டவர்:
நன்றி. "முனைவர்" பெயருக்கு முன்னால் இருக்கலாமா?

பதில் 2:
அறிக்கையில் கட்டாயம். விலைப்புள்ளியில் வேண்டாம், கூலி ஏறும் என்று பயப்படுவார்கள்.