டேப்பட் சத்தம் சுத்தமா நின்னுச்சு, அப்புறம் பட்ட பாடு

வணக்கம் மக்களே, நமக்கு பாலக்கோடு பக்கம், தினமும் தர்மபுரி போய் வர்றது பழைய ஸ்ப்ளெண்டர்ல. டேப்பட் (இன்ஜின் வால்வுக்கும் அத அமுக்கற ராக்கர்ங்கற கைக்கும் நடுவுல கேப் வைக்கற ஸ்க்ரூ) தையல் மிஷின் மாதிரி டிக்டிக்னு கேட்க ஆரம்பிச்சதும் ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன், ஓடி வந்த சூட்டோடயே ரெண்டு வால்வு மூடியையும் கழட்டி கையால ஆட்டிப் பாத்து முறுக்கி விட்டாரு, கேப் அளக்கற தகடு, ஃபீலர் கேஜ், எடுக்கவே இல்ல. சத்தம் சுத்தமா நின்னுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோசம்.

பத்து நாள் கழிச்சு சேலத்துல இருந்து வர்றேன், தொப்பூர் கணவாய் ஏத்தத்துல மூணாவது கியர்லயே இழுக்க மாட்டேங்குது, மேல வந்து டீ குடிக்க நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகல, கிக்கர மிதிச்சா கம்ப்ரசனே இல்லாம சர்ருனு இறங்குது. அரை மணி நேரம் ஆறின பிறகுதான் பிடிச்சுது, சைலன்சர்ல டப்டப்னு வெடி வேற.

எங்க சித்தப்பா பம்ப்செட் இன்ஜின் வேலை பாத்தவரு. காலைல வண்டி ஜில்லுனு இருக்கும்போதே மேக்னட்ட (இன்ஜினோட சுத்தற சக்கரம்) பிஸ்டன் உச்சிக்கு வர்றத காட்டற டி மார்க்குக்கு கொண்டு வந்து பாத்தா எக்ஸாஸ்ட், அதாவது புகை போற வால்வோட ராக்கர்ல ஆட்டமே இல்ல, 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையல. "வால்வு சீட்டுல நல்லா உக்காந்தாதான்டா அதோட சூடு இன்ஜின் ஹெட்டுக்கு இறங்கும், இப்படி இறுக்கினா மூடாம நின்னு வெந்துரும்"னு சத்தம் போட்டாரு. தகடு தொளதொளன்னும் போகக்கூடாது, நோட்டுக்குள்ள இருக்கற தாள உருவுற மாதிரி லேசா பிடிக்கணும். ஸ்க்ரூ நகராம பிடிக்கற லாக் நட்ட இறுக்கும்போது கேப் மாறிடுது, மூணு தடவ திரும்ப வச்சோம். இப்ப லேசா டிக்டிக் இருக்கு, ஐடிலிங் ஒரே சீரா நிக்குது, சூட்டுலயும் ஒரே மிதி.

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒருத்தர் போட்ட பதில்: அண்ணா, நான் டி மார்க் சரியாத்தான் வச்சேன், ஆனா அது கம்ப்ரசன் டாப் இல்ல, புகை வெளிய போய் முடியற எக்ஸாஸ்ட் டாப், ரெண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும்போதே கேப் வச்சுட்டேன், ஸ்டார்ட் பண்ணதும் கடகடன்னு ஒரே சத்தம். மேக்னட்ட இன்னொரு முழு சுத்து சுத்தி, ரெண்டு ராக்கரும் லூசா ஆடுதான்னு பாத்து வச்சப்புறம்தான் சரியாச்சு. டி மார்க் பக்கத்துலயே ஸ்பார்க் டைமிங்குக்கான எஃப் மார்க்கும் இருக்கும், அவசரத்துல அத டின்னு நினைச்சுடாதீங்க.

ஓசூர்ல இருந்து இன்னொருத்தர் பதில்: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு கேஜே வேணாம் நண்பா. இன்ஜின் பக்கவாட்டுல இருக்கற மூடிய கழட்டி, ராக்கர தள்ளற கம்பியான புஷ்ராட ரெண்டு விரலால உருட்டினா ஃப்ரீயா சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. அதுவும் இன்ஜின் ஆறின பிறகுதான். எங்கப்பா ராத்திரி நிறுத்தின வண்டிய காலைல டீக்கு முன்னாடியே செட் பண்ணுவாரு.