ஹெர்பீஸ் இருப்பதை வரனிடம் எப்போது சொல்வது?

எனக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் (உடலுறவு வழியாகத் தொற்றும் வைரஸ் நோய்) இருப்பது உறுதியாகிவிட்டது. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 400 மி.கி. தினம் மூன்று வேளை சாப்பிட்டதில் கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. ஆனால் சிறுநீர் போகும்போது வந்த அந்த எரிச்சலை நினைத்தாலே இன்னும் உடம்பு நடுங்குகிறது. வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கிவிடும், புண் இல்லாதபோதும் பரவலாம், ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது என்று டாக்டர் சொன்னார்.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். மறைத்துக் கல்யாணம் செய்ய எனக்கு மனமில்லை, அது பெரிய துரோகம். நிச்சயத்துக்கு முன்பே சொல்வதா, கொஞ்சம் பேசிப் பழகிய பிறகா? சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்தவர்கள் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? அப்புறம், திரும்ப வராமலிருக்கத் தினமும் மாத்திரை எடுப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிரசவத்தின்போது என்ன பார்த்துக்கொண்டீர்கள் என்பதும் தெரிய வேண்டும். தனிச்செய்தியில் சொன்னாலும் சரி.