ஒரு பாஸ்போர்ட், இரண்டு ஸ்பான்சர்: எங்கள் எச்1பி அனுபவங்கள்

டல்லாஸிலிருந்து:

எச்1பி என்பது அமெரிக்காவில் வேலை பார்க்க வெளிநாட்டவருக்கு ஒரு கம்பெனியின் வழியாகக் கிடைக்கும் விசா. அதற்கான குலுக்கலில் மூன்று ஆண்டுகள் பெயர் கொடுத்துக் காத்திருந்தவள் நான். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிகள் ஸ்பான்சர் செய்யலாமா என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. நான் பட்டதை எழுதுகிறேன்.

2023 மார்ச். ஒரே வீட்டில் நான்கு பெண்கள் தங்கியிருந்தோம். எனக்கு, நான் வேலை பார்த்த கம்பெனி மட்டும் பதிவு செய்திருந்தது. அறைத்தோழி ஒருத்திக்கு ஐந்து கன்சல்டன்சிகள், அதாவது ஆட்களை எடுத்து வேறு கம்பெனிகளின் வேலைக்கு அனுப்பும் நிறுவனங்கள், பதிவு செய்திருந்தன. அப்போது பதிவுக் கட்டணம் 10 டாலர்தான். ஒவ்வொரு கம்பெனியின் பதிவும் தனித்தனிச் சீட்டாகக் குலுக்கலுக்குள் போகும். ஐந்து பேர் பதிவு செய்தால் ஐந்து சீட்டு.

அப்படி ஒரு கன்சல்டன்சியிலிருந்து எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிப்போகும்வரை அந்த மனிதர் விடவில்லை. "பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அது போதும்" என்றார். என்ன வேலை, எந்த ஊரில், எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன். "முதலில் விழட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நான் அனுப்பவில்லை. அந்த ஆண்டு எனக்கு விழவில்லை, அவளுக்கு விழுந்தது. அவள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு குடியேற்றத் துறை கணக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு மொத்தம் 7,80,884 பதிவுகள். தகுதியான பதிவுகளில் 4,08,891, ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவு செய்தவர்களுடையவை. அதாவது பாதிக்கும் மேல். இருந்த இடங்களோ பொதுப்பிரிவில் 65,000, அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு 20,000. ஒரே சீட்டோடு நின்ற என்னைப் போன்றவர்கள் எங்கே அடிபட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது.

2024இல் விதி மாறியது. சீட்டு இனி கம்பெனிக்கு அல்ல, ஆளுக்கு. எத்தனை பேர் பதிவு செய்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரே வாய்ப்பு. பெயர் விழுந்தால், பதிவு செய்த எல்லாக் கம்பெனிகளுக்கும் தேர்வு அறிவிப்பு போகும். எல்லோருமே விண்ணப்பம் தாக்கல் செய்யலாம்.

அந்த ஆண்டு எனக்கு உண்மையாகவே இரண்டு வேலைகள் கையில் இருந்தன: ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று, மூன்று சுற்று நேர்காணல் முடித்து ஆஸ்டினில் கிடைத்தது மற்றொன்று. இரண்டு பக்கத்திலும் விஷயத்தைச் சொன்னேன். மறைத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன், காரணம் பாஸ்போர்ட். பிப்ரவரியில்தான் ஹூஸ்டனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகப் புதுப்பித்திருந்தேன். புதியதற்கு எண் வேறு. ஆஸ்டின் கம்பெனியிடமோ, மூலை வெட்டப்பட்டு ரத்தான பழைய பாஸ்போர்ட்டின் நகல்தான் இருந்தது. அவர்கள் அதை வைத்தே பதிவு செய்திருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு எண்களில் நின்றால், இரண்டு சீட்டுக்கு முயன்றதாகவே அதிகாரிகள் பார்ப்பார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், அனுமதி கிடைத்த பிறகும் ரத்தாகலாம். நல்லவேளையாக அந்த ஆண்டு பதிவுக்கான கெடுவை மார்ச் 25 வரை நீட்டித்திருந்தார்கள். கெடு முடிவதற்குள் ஆஸ்டின் கம்பெனியினர் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிய எண்ணில் மறுபடி பதிவு செய்தார்கள். அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

மாத இறுதியில் இரண்டு கம்பெனிகளிடமிருந்தும் தேர்வு அறிவிப்பு வந்த செய்தி கிடைத்தது. எந்த வழக்கறிஞர் விரைவாக விண்ணப்பம் தயாரிப்பார், கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள் என்று இருவரிடமும் கேட்டு, பழைய கம்பெனியிலேயே தொடர்ந்தேன். ஆஸ்டின் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் சொன்னபோது, "முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி" என்றார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

சார்லட்டிலிருந்து:

அக்கா எழுதியதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் 2024இல் இரண்டு பதிவுகள்: வேலை பார்த்த நிறுவனம் ஒன்று, படிக்கும்போது பயிற்சி பெற்ற சிறிய கம்பெனி மற்றொன்று. முதல் நிறுவனம் ஏப்ரலில் விண்ணப்பித்தது. மே மாதம் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய விதியாக இருந்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் அப்போது தேர்வான கம்பெனி மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். இப்போது சிறிய கம்பெனியின் கையிலும் அதே தேர்வு அறிவிப்பு இருந்தது. ஜூன் 30 கடைசி நாள். அந்தக் கம்பெனி முதலாளி தன் மகளின் பள்ளி விழாவை விட்டுவிட்டு வந்து காகிதங்களில் கையெழுத்திட்டார். ஜூன் மூன்றாம் வாரம் தாக்கலாயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆகவே இரண்டாவது ஸ்பான்சர் என்பவர் இன்னொரு சீட்டு அல்ல, இன்னொரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் உண்மையான வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சியிலிருந்து:

நான் திரும்பி வந்துவிட்டவன். மனத்தை உறுத்துவதால் எழுதுகிறேன்.

2023இல் இரண்டு கன்சல்டன்சிகளிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தேன். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள் என்றே நம்பினேன். ஒன்றின் வழியாகப் பெயர் விழுந்தது. விண்ணப்பச் செலவு என்று 3,500 டாலர் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்துக் குடியேற்றத் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாய்ப்பைக் கூட்டுவதற்காக யாரோடும் சேர்ந்து செயல்படவில்லை என்று பதிவின்போது ஒவ்வொரு கம்பெனியும் உறுதியளிக்க வேண்டும். என்னைப் பதிவு செய்த இரண்டு கம்பெனிகளின் முகவரியும் ஒன்றே என்று அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அறை எண் உட்பட. வேலை எங்கே என்று கேட்டதற்குக் காட்ட, வேலை தரும் கிளையன்ட் கம்பெனியின் கடிதமும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படிப்புக்குப் பிறகு வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதியும் முடிந்திருந்தது.

அம்மாவிடம் "புராஜெக்ட் முடிந்துவிட்டது" என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். போன ஆண்டுதான் உண்மையைச் சொன்னேன். 2025 செப்டம்பருக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பியில் போகிறவருக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. என்னைப் போன்ற ஒருவனுக்காக யார் கட்டுவார்கள்? தங்கைகளே, தம்பிகளே, முகவரியைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

பிட்ஸ்பர்கிலிருந்து:

பலர் அறியாத ஒரு வழியும் இருக்கிறது. பல்கலைக்கழகம் எடுக்கும் எச்1பிக்குக் குலுக்கல் கிடையாது. நான் ஆய்வாளராக அப்படித்தான் இருக்கிறேன். அதோடு, ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் எனக்காகத் தனியாக விண்ணப்பித்து, பகுதிநேரமாக அங்கும் வேலை செய்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு முதலாளிகள், இரண்டு அனுமதிகள். ஆனால் பல்கலைக்கழக வேலை போனால் அந்த இரண்டாவது வேலைக்கும் குலுக்கல் விலக்கு இல்லை. என் இணை ஆய்வாளர் ஒருவர் இதை அறியாமல் பல்கலைக்கழகத்திலிருந்து விலகல் கடிதம் எழுதிவிட்டார். கொடுப்பதற்கு முந்தைய நாள்தான் தடுத்தோம்.

டல்லாஸிலிருந்து, மறுபடியும்:

திருச்சித் தம்பி, அம்மாவிடம் சொன்னதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நீங்கள் எழுதியது எத்தனையோ பேரைக் காப்பாற்றும்.

இந்த ஆண்டு பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று. 2026 முதல் குலுக்கலில் ஊதிய நிலைக்கு (முதல் நிலை குறைந்த சம்பளம், நான்காம் நிலை அதிகச் சம்பளம்) எடை வந்துவிட்டது. நான்காம் நிலை ஊதியம் என்றால் பெயர் நான்கு முறை போகும், முதல் நிலை என்றால் ஒரே முறை. இரண்டு கம்பெனிகள் வெவ்வேறு நிலைகளில் பதிவு செய்தால் குறைந்த நிலையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கம்பெனி மூன்றாம் நிலையில் பதிவு செய்யும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நிலைச் சம்பளத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் மூன்று வாய்ப்பு ஒன்றாகிவிடும். பதிவுக் கட்டணமும் இப்போது 215 டாலர்.

நேற்று ஒரு தங்கை தன் இரண்டு வேலைக் கடிதங்களையும் எனக்கு அனுப்பியிருந்தாள். ஒன்றில் சம்பளம் தெளிவாக இருந்தது. மற்றொன்றில் அந்த இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது. அதை நிரப்பித் தரும்வரை பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.