1991 மெட்டாலிகா டி-ஷர்ட்: அசலா, மறுபதிப்பா?

கேள்வி:
ஆன்லைனில் மெட்டாலிகா ராக் இசைக்குழுவின் கறுப்பு டி-ஷர்ட் ஒன்றைப் பார்த்தேன். பிரின்ட்டுக்குக் கீழே 1991 என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில் 1:
அந்த வருடத்தை மட்டும் நம்பாதீங்க. அது படத்தின் பதிப்புரிமை வருடம், மறுபதிப்பிலும் அப்படியே அச்சிடுவாங்க. கை ஓரத்தையும் கீழ் மடிப்பையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 90களின் நடுப்பகுதிவரை வந்த அமெரிக்க டி-ஷர்ட்டுகளில் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான் ஓடும். பிறகு இரட்டைத் தையல் பரவிடுச்சு. இப்போ போலிகளையும் ஒற்றைத் தையலில் தைக்கிறாங்க, அதனால் கழுத்து லேபிளையும் பாருங்க. புரோக்கம், ஜெயன்ட் என்ற பிராண்டுகளின் லேபிள்கள் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். லேபிளில் இணைய முகவரி இருந்தா வாங்காம விட்டுடுங்க.

பதில் 2:
கறுப்பு என்பதால் இதுதான் எனக்குப் பெரிய கவலை: துணி இற்றுப்போயிருக்கலாம். கறுப்புக்குப் பயன்படுத்தும் கந்தகச் சாயம் போட்ட பருத்தி, சூடும் ஈரமும் உள்ள இடத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் அமிலம் உருவாகி நூலை அரித்துவிடும். கீழ் ஓரத்தை இரு கையால் மெதுவா இழுக்கச் சொல்லி வீடியோ கேளுங்க. நூல் பொடபொடன்னு விட்டால் வாங்கவே வேண்டாம், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பதில் 3:
வாங்கினால் உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, நிழலில் காயப்போடுங்க. பிரின்ட் மேல் இஸ்திரி வேண்டாம். பிரின்ட்டில் இருக்கும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை சூட்டில் இளகி ஒட்டிக்கும்.