பிரஸ்ஸல்ஸ் புளிப்பு பீர்: எனக்கு மட்டும்தான் பிடிக்கவில்லையா?

காவிரிக்கரை:
நெதர்லாந்தில் ஐன்டோவன் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரோடு பிரஸ்ஸல்ஸ் போனேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு லாம்பிக் என்கிற அந்த ஊர் பீரைக் குடிக்காமல் போவதா என்று ஒருத்தன் பிடிவாதம் பிடிக்க, ஒரு பழைய பாரில் உட்கார்ந்து கூஸ் என்று ஒன்றைச் சொன்னோம். ஷாம்பெயின் மாதிரி கார்க் அடைத்த பாட்டில், அதை ஒரு சின்னப் பிரம்புக் கூடையில் படுக்கவைத்தே கொண்டுவந்து ஊற்றினார்கள், பார்க்க ஜோராக இருந்தது. வாயில் வைத்தால் புளிப்பு. சும்மா புளிப்பு இல்லை, மூணு நாள் வெளியே மறந்துவிட்ட மாவு மாதிரி, கூடவே மாட்டுத் தொழுவ வாசனை வேறு. பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த மாதம் தம்பி சென்னையிலிருந்து வருகிறான். கிங்ஃபிஷர் தவிர வேறெதுவும் அறியாதவன். அவனை எங்கே கூட்டிப்போவது, எதிலிருந்து ஆரம்பிப்பது, கூட என்ன சாப்பிடுவது? வீட்டில் செட்டிநாடு கோழி செய்தால் அதற்கு எந்த பீர் சேரும்? திருவிழா ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நெத்திலி வறுவல்:
பாட்டில் கெடவே இல்லை, அது அப்படித்தான் இருக்கும். "மறந்துவிட்ட மாவு" என்று நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள். இட்லி மாவுக்கு யாராவது ஈஸ்ட் போடுகிறோமா? அரைத்து மூடி வைத்தால் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர்களே பொங்க வைக்கின்றன. லாம்பிக்கும் அதே கதைதான். ஆன்டர்லெக்டில் கான்டியோன் என்று ஒரு மதுவாலை, 1900இல் தொடங்கியது, பிரஸ்ஸல்ஸ் மிடி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்றும் மது காய்ச்சுகிற ஆலையேதான் மியூசியமும். அங்கே மாடியில் கூரைக்கு அடியில் ஒரு பெரிய செம்புத் தொட்டி இருக்கும், ஆழம் கம்மி, அகலம் அதிகம். கொதித்த தானியச் சாற்றை அதில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து ஆறவிடுவார்கள், காற்றில் இருப்பது வந்து இறங்கும், காலையில் மரப் பீப்பாய்க்குப் போகும், மிச்ச வேலையை அந்தப் பழைய மரத்தில் குடியிருக்கிற ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன தொழுவ வாசனை பிரெட்டனோமைசிஸ் என்கிற அந்த ஈஸ்ட் செய்கிற வேலை. குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் நம் வீட்டு மாவு என்ன பாடு படுத்தும் என்று தெரியுமே, அதே காரணம்தான். ஒட்டடையைக்கூட அடிக்க மாட்டார்கள், சிலந்தி இருந்தால் ஈ, கொசு வராது என்று.

ஒரு வருடம், ரெண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் மிச்சமிருக்கிற சர்க்கரைதான் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரை தருகிறது. கூடையில் படுக்கவைத்தது பந்தாவுக்கு இல்லை, அடியில் தங்கிய வண்டல் கலங்கக்கூடாது என்பதற்காக.

நீங்கள் செய்த தப்பு, கூஸை வெறும் வயிற்றில் தனியாகக் குடித்தது. அந்த ஊர்க்காரர்கள் தடித்த ரொட்டியில் வெண்ணிறப் பாலாடைக்கட்டி தடவி, மேலே முள்ளங்கியும் வெங்காயத்தாளும் போட்டு அதோடுதான் குடிப்பார்கள். எண்ணெய்ப் பலகாரம் எதுவும் சரிவரும். என் பெயரைப் பாருங்கள், நெத்திலி வறுவலுக்கு எலுமிச்சை பிழிவதற்குப் பதில் ஒரு மடக்கு கூஸ், அவ்வளவுதான் விஷயம். தம்பிக்கு முதலில் கிரீக் கொடுங்கள், புளிப்புச் செர்ரியை லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறப்போட்டது. ஆனால் லேபிளில் 'ஔட' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள், பழைய முறை என்று அர்த்தம், ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதற்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. அந்தச் சொல் இல்லாத கிரீக் பலதும் இனிப்புச் சேர்த்தது, ரோஸ்மில்க் குடிக்கிற மாதிரி இருக்கும்.

தவறணைத் தம்பி:
நெத்திலி அண்ணை மாவை வைத்து விளங்கப்படுத்திப்போட்டார், நான் கள்ளை வைத்துச் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில் முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், உங்கள் பதநீர்தான், தடவாமல் விட்டால் தானாகப் புளித்துக் கள். ஒருவரும் ஒன்றும் போடத் தேவையில்லை. இங்கே வந்த புதிதில் பீப்பாயிலிருந்து நேரே பிடித்த லாம்பிக், நுரை இல்லாதது, ஒருக்கா குடித்தேன். தவறணையில், அதுதான் கள்ளுக்கடையில், பின்னேரக் கள் குடித்த ஞாபகம்தான் வந்தது. உங்கள் பக்கம் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை என்றபடியால் தம்பிக்கு இந்த ருசி புதிதாக இருக்கலாம்.

திருவிழா கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருக்கா வசந்த காலத்தில் தூர் த கூஸ் என்று நடக்கும். பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பயோட்டன்லான்ட் என்ற வயல் பக்கம், லாம்பிக் காய்ச்சுகிறவர்களும் கலக்குகிறவர்களும் அன்று கதவைத் திறந்து விடுவார்கள், ஒவ்வொரு இடமாக பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார்கள். மண்டபத்துக்குள் டோக்கன் வாங்கிச் சின்னக் கிளாஸில் குடிக்கிற விழாக்களும் இருக்கு, ஆனால் எனக்கு அந்தச் சனம் சரிவராது. திருவிழா இல்லாத வருடம் என்றால் எய்சரிங்கன் கிராமத்தில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, 'பெருந்தாகத்துக்கு எதிரான காப்புறுதி' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைக் கடை அது. கிழவர்கள் பூசை முடிந்து வந்து இருந்து கதைப்பார்கள். பார் என்றால் எனக்கு அதுதான்.

மல்லிவிதை:
எல்லாரும் லாம்பிக் பக்தர்களாக இருக்கிறீர்கள். கிங்ஃபிஷர் பையனை நேரே அங்கே தள்ளினால் அவனும் அண்ணன் மாதிரி பாட்டில் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வான். ஹூகார்டனில் ஆரம்பிக்கலாமே? கோதுமை பீர், ஆல்கஹால் 4.9%தான், அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். அதே பெயருள்ள பெல்ஜிய ஊரில் அந்த வகையே 1957இல் கடைசி ஆலையோடு நின்றுபோனது, 1966இல் பியேர் செலிஸ் என்ற பால்காரர்தான் திரும்பக் காய்ச்சினார். இப்போது பெரிய கம்பெனியிடம் இருக்கிறது, சின்ன ஆலை பீரையே தேடுகிற கிராஃப்ட் ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

செட்டிநாடு கோழிக்கும் அதுதான். தயவுசெய்து ஐபிஏ என்கிற கசப்பு பீரை எடுக்காதீர்கள், அந்தக் கசப்பு மிளகுக் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். கொஞ்சம் வறண்ட ருசி வேண்டுமென்றால் செசோன் டுபோன் என்கிற பெல்ஜிய பீர், 6.5%. டிரிபெல் என்கிற காட்டமான பெல்ஜிய பீர் வகையில் ஜாக்கிரதை, வெஸ்ட்மால் டிரிபெல் 9.5%, தேன் மாதிரி இறங்கும், எழுந்திருக்கும்போதுதான் கணக்குத் தெரியும்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பொறுக்க முடியாமல் இங்கேயே ஒரு கடையில் 'ஔட கிரீக்' வாங்கினேன், நேற்று வீட்டில் நெத்திலி கிடைக்காததால் மத்தி வறுத்தோம். முதல் மடக்கில் மறுபடி முகம் கோணியது உண்மை. மீனைக் கடித்துவிட்டுக் குடித்தபோது பரவாயில்லை என்று தோன்றியது, மூன்றாவது துண்டுக்கு நானே தேடிக் குடித்தேன். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "நீராகாரத்துல சோடா ஊத்தினாப்ல இருக்கு" என்றாள், அப்புறம் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தொழுவ வாசனை இன்னும் பிடிக்கவில்லை, அதை மாற்றிக்கொள்ள உத்தேசமும் இல்லை.

சனிக்கிழமை கான்டியோன், ஞாயிறு அந்தக் காப்புறுதிக் கடை. தவறணைத் தம்பி, காரில் வரலாமா?

தவறணைத் தம்பி:
வரலாம். ஆனால் ஓட்டுகிறவர் ஆர் என்று வீட்டிலேயே தீர்மானித்துப்போட்டு வாங்கோ, கடைக்குள் இருந்து சண்டை பிடிக்கக்கூடாது. பொரித்த மீன் கொண்டுவந்தால் நானும் வாறன்.