சஸ்பென்ஷன் லிஃப்ட்: 'வில்தூக்கல்' என்று வைக்கலாமா?

வணக்கம். நம் வாகனக் கலைச்சொல் பட்டியலுக்காக, சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது வண்டியின் வில்லமைப்பில் மாற்றம் செய்து அதை உயர்த்துவதற்கு, தமிழ்ச் சொல் தேடும் முந்தைய மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'இடைநீக்க உயர்வு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. இடைநீக்கம் என்பது லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட ஊழியருக்குக் கிடைப்பது. இயந்திர மொழிபெயர்ப்பு அதைக் கார் விளம்பரம் வரை கொண்டுவந்து ஒட்டிவிட்டது. நாமும் பட்டியலில் சேர்த்து அதற்கு முத்திரை குத்த வேண்டாம். 'தொங்கல்' வேதியியல் பாடநூலில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. அதோடு பிக்கப்பில் எதுவும் தொங்கவில்லை. அடிச்சட்டம் (சேஸிஸ்) வில்பட்டைகளின் (லீஃப் ஸ்பிரிங்) மேல் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு 'வில்' போதும். மாட்டுவண்டிக்குப் பட்டை வைத்த காலத்திலேயே அதை வில்வண்டி என்று சொல்லிவிட்டார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில் முன்பக்கம் பட்டை கிடையாதே, சுருள்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். பள்ளி இயற்பியலில் அதற்கும் சுருள்வில் என்றுதான் பெயர். பட்டைவில், சுருள்வில் இரண்டுக்கும் வில் பொதுவாக நிற்கும்.

> 'வில்லேற்றம்' அழகாக இருக்கிறதே?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னார்குடிப் பக்கம் வண்டியையும் ஏற்றத்தையும் சேர்த்துச் சொன்னால் நெல் மூட்டை ஏற்றுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மூட்டை ஏற்றினால் வில் படியும், உயரம் குறையும். உயர்த்துவதற்கு வைத்த பெயர் தாழ்வதை நினைவூட்டினால் எப்படி?

பட்டறையில் 'பின்னாடி தூக்கலா நிக்குது' என்பார்கள். குழம்பில் உப்புக்குச் சொல்கிற அதே தூக்கல்தான். ஆகவே என் ஓட்டு 'வில்தூக்கல்'.

> 'தூக்கல்' மட்டும் போதாதா? வில் எதற்கு?

இங்கேதான் எனக்குப் பிடிவாதம். சம்பா அறுவடை முடிந்த களிமண் பாதைகளைப் பாருங்கள். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் மண் முதுகு மாதிரி எழும்பியிருக்கும். பின்னச்சின் நடுவே குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி அதில்தான் தட்டி மாட்டும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்தோ, கூடுதல் பட்டை போட்டோ வில்லைத் தூக்கினால் அடிச்சட்டமும் அதன்மேல் இருக்கும் கூண்டும் உயரும். அச்சு ஒரு விரற்கடைகூட மேலே வராது. அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. அதிலும் டயரின் விட்டத்தை 2 அங்குலம் கூட்டினால் அச்சு 1 அங்குலம்தான் உயரும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். மூன்றாவதாக, அடிச்சட்டத்துக்கும் கூண்டுக்கும் நடுவே துண்டு வைப்பது. அதில் கூண்டு மட்டும்தான் உயரும். மூன்றையும் 'தூக்கியாச்சு' என்று ஒரே வாயில் சொல்வதால்தான், காசைக் கொட்டிவிட்டு அதே பாதையில் அதே இடத்தில் மாட்டுகிறார்கள். வில்தூக்கல், டயர்தூக்கல், கூண்டுத்தூக்கல் என்று பிரித்துவிட்டால் எது உயர்ந்தது என்று பெயரே சொல்லிவிடும்.

> ரைடு ஹைட்டுக்கும் (வண்டி நிற்கும் உயரம்) 'தரையிடைவெளி' போதும் என நினைக்கிறேன்.

போதாது. தரையிடைவெளி என்பது வண்டியின் ஆகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம். நான் 'நிற்புயரம்' என்று சொல்வதைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள்ளலாம். பின்னச்சு ஒரே துண்டாக இருக்கும் பிக்கப்பில் வில்தூக்கலால் நிற்புயரம் கூடும், அச்சின் கீழே தரையிடைவெளி அப்படியே இருக்கும். டயர்தூக்கலில் நேர்மாறு.

இது வெறும் சொல்சண்டை இல்லை. பல சரக்கு வண்டிகளில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்குத் தக்கபடி மாற்ற ஒரு வால்வு இருக்கும். அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு கம்பி வழியாக அது அறியும். வில்தூக்கல் செய்தால் அந்தத் தூரம் கூடிவிடும். மேலே மூட்டை அடுக்கியிருந்தாலும் வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியைத் திரும்ப அளவு வைக்காமல் ஓட்டுவது ஆபத்து. ஏற்கெனவே உயரத்துக்குப் போன சுமை வளைவில் சாய்வது தனிக் கதை. அப்புறம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த அது இடம் தராது. விளக்கக் குறிப்பில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

> லிஃப்ட் பிளாக் - 'இடையீட்டுப் பாளம்'

யூ போல்ட்டால் இறுக்கும் இரும்புத் துண்டுக்கு இவ்வளவு பெரிய பெயரா! 'கட்டை' போதும். பட்டையின் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் சாக்கிளுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் அமையவில்லை. பட்டியலில் உள்ள 'தூக்குக்கொக்கி' சரியில்லை. அது கொக்கியே இல்லை, சுமை ஏறிப் பட்டை நீளும்போது ஆடிக்கொடுக்கும் இணைப்பு. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.