பெயின்ட் உரிச்சு அலுமினியத்தைப் பளபளக்க வைக்கிறதுக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

ஸ்காபரோவிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கனடாவில சனிக்கிழமைகளில சின்ன எஞ்சின் திருத்திற வகுப்பு ஒண்டு நடத்திறம், ஊரில இருந்து புதுசா வந்த பெடியள்தான் கூட. இந்தமுறை பனிக்கு மேல ஓடுற, 70களில வந்த பழைய ஸ்னோமொபைல் ஒண்டைப் பிரிச்சுப் போட்டிருக்கிறம். அவங்களுக்கெண்டு நாலு பக்கக் கைநூல் எழுதிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.

சீட்டுக்குக் கீழ, ட்ராக் எண்டுற ரப்பர் பட்டி ஓடுற இடத்துக்கு மேல நீளமா ஒரு அலுமினியக் கூடு இருக்கும், டனல் எண்டு சொல்லுவம். அதில இருக்கிற பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்து, அடியில இருக்கிற அலுமினியத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கிறதுதான் பாடம். ஜெல் மாதிரியான ஸ்ட்ரிப்பரைத் தடிப்பா தடவி விட்டா பெயின்ட் சுருங்கிக் கொப்புளிச்சு எழும்பும், அதை பிளாஸ்டிக் தகட்டால வழிச்செடுத்து, பிறகு 320, 600, 1000, 1500 நம்பர் எண்டு சாண்ட்பேப்பரை மாத்தி மாத்தி தண்ணி தொட்டுத் தேய்ச்சு, கடைசியா பஃபிங் வீல், அதுதான் சுத்திற துணிச் சக்கரம். வேலை எனக்குத் தெரியும், சொல்தான் வருதில்ல. ஸ்ட்ரிப் பண்ணுறது, ஸ்ட்ரிப்பர், பாலிஷ் பண்ணுறது, பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியம், இவ்வளவுக்கும் ஒண்டோட ஒண்டு பொருந்திற சொல் தாங்கோ.

மதுரையிலிருந்து

அன்புடையீர், உரித்தல் என்பதே முதல் வேலைக்குத் தக்க சொல். தோலை உரிப்பது, தேங்காய் உரிப்பது எல்லாருக்கும் தெரியும். செய்யும் பொருள் உரிப்பி. அடுத்ததற்கு மெருகேற்றல் இருக்க வேறு தேடவேண்டாம். உலோகம் வடசொல், மாழை என்று எழுதுங்கள், அலுமினியத்துக்கு வெண்மாழை பொருந்தும். வண்டி பனியூர்தி. பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதுதானே, அங்கே கொட்டுவதற்கு எப்படிப் பொருந்தும் என்று யாராவது கேட்பீர்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். புறநானூறு 6ஆம் பாட்டில் காரிகிழார் "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்கிறார். அங்கே பனி இமயத்தில் கிடப்பது. ஆகவே கனடாவில் கொட்டுவதையும் தயங்காமல் பனி என்றே சொல்லலாம்.

கோயமுத்தூரிலிருந்து

ஐயா சொன்ன உரிப்பி நல்லா இருக்குதுங்க. ஆனா மெருகேற்றல்ல எனக்கு ஒரு சங்கடம். இந்த வேலைல ஏத்தறதுக்குன்னு எதுவுமே இல்லீங்க, எல்லாமே எடுக்கறதுதான். 320 போட்ட கோட்டை 600 எடுக்கும், 600 போட்ட கோட்டை 1000 எடுக்கும், நடுவுல ஒண்ணைத் தாண்டிப் போனீங்கன்னா கடைசில வீல் வைக்கறப்ப அந்தப் பழைய கீறல் அப்படியே பளபளன்னு தெரியும், திரும்ப முதல்ல இருந்து வரணும். நம்ம பட்டறைல புதுசா வர்ற பசங்க எல்லாம் இந்த ஒரு இடத்துலதான் தப்புப் பண்றாங்க, பாலிஷ்னா எதையோ பூசற வேலைன்னு நெனச்சுக்கறாங்க, சோப்பை, அதாவது வீல்ல தடவற பாலிஷ் கட்டியை, நெறைய அப்பினா கீறல் மறஞ்சிரும்னு நம்பறாங்க. மெருகு ஏத்துன்னு எழுதினா அந்த நெனப்பு இன்னும் கெட்டிப்படும்.

நாங்க பஃப் அடிக்கறதுன்னுதான் சொல்றோம். முரட்டு வீல்ல பழுப்பு சோப்பு, அப்புறம் மெத்துன்னு இருக்கற காட்டன் வீல்ல வெள்ளை சோப்பு. அடிக்கறப்ப சோப்பு மெழுகும் தேஞ்ச அலுமினியமும் சேந்து மை மாதிரி கருப்பா இழுவிக்கிட்டு வரும், கை, மூஞ்சி எல்லாம் கருப்பாயிரும், பசங்க பயந்து நிறுத்திருவாங்க. நிறுத்தக்கூடாது, வீலை லேசா ஓட்டினா அந்தக் கருப்புக்கு அடியில முகம் தெரியும்.

இன்னொண்ணு முக்கியமுங்க. உரிப்பிக்கு முன்னால காரம்கிற சொல்லை மட்டும் சேத்துறாதீங்க. கார உரிப்பின்னு எழுதினா ஒருத்தன் காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஊத்துவான். இரும்புல அது நடக்கும். அலுமினியத்துல ஊத்தினா நொரைச்சுக்கிட்டு உலோகத்தையே தின்னுரும், ஹைட்ரஜன் வேற கிளம்பும், பக்கத்துல நெருப்பு இருந்தா அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து

கோவை அண்ணா சொன்னதைப் படிச்சதும் எனக்கு ஒரே சொல்தான் தோணுச்சு, துலக்கல். பாத்திரம் துலக்குறப்ப நாம எதையும் பூசறதில்ல, மேல இருக்கறதை எடுக்கறோம், உள்ள இருக்கற பளபளப்பு தானா வெளிய வருது. துலங்கு தன்வினை, துலக்கு பிறவினை, அடங்கு அடக்கு மாதிரி. உலோகம் துலங்குது, நாம துலக்குறோம். வீல் துலக்குச் சக்கரம், சோப்பு துலக்குக் கட்டி, எல்லாம் ஒரே குடும்பமா வந்துருது. விளக்கலும் இதே போலத்தான், ஆனா கைநூல்ல ரெண்டு வரிக்கு ஒரு தடவ விளக்கம்னு வருமே, குழம்பிரும்.

வெறும் அலுமினியம்னு எழுதறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அலுமினியம் எப்பவுமே வெறுமையா நிக்காது, பெயின்ட்டை எடுத்துக் காத்து பட்ட அந்த நிமிஷமே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்ஸைடு தோல் போத்திக்குது. பூச்சில்லா அலுமினியம்னு எழுதுங்க, நாம எடுத்தது பூச்சு மட்டும்தான். வெண்மாழை வேண்டாம் ஐயா, அதைப் படிச்சா எனக்குப் பிளாட்டினம்தான் தோணும். தொல்காப்பியரே "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ"ன்னு வழி விட்டிருக்கறப்ப உலோகத்தையும் அலுமினியத்தையும் நாம வெளிய தள்ள வேண்டாம்.

மதுரையிலிருந்து

தொல்காப்பியர் வழிவிட்டது இல்லாத இடத்துக்கு. மாழை இருக்கும்போது உலோகம் எதற்கு என்பதுதான் என் கேள்வி, அதை நான் விடப்போவதில்லை.

துலக்கல் அழுக்கு நீக்குவது. பல் துலக்குகிறோம், சட்டி துலக்குகிறோம். கண்ணாடி போல் ஆக்கும் நுண்வேலைக்கு அது தாழ்ந்த சொல். மெருகின் வேரைப் பாருங்கள். மெழுகு, மெருகு இரண்டும் ஒரே அடி என்பது என் நெடுநாளைய எண்ணம், ழகரமும் ரகரமும் இடம் மாறுவது புதிதல்ல. திண்ணையைச் சாணமிட்டு மெழுகும்போது கை ஒரே போக்கில் போகிறது பாருங்கள், ஒரு சொரசொரப்பு மிஞ்சாமல் மென்மையாகிறது. மென்மை, மெல், மெழு, மெரு, இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் மெருகு என்பது பளபளப்பு அல்ல, மென்மையின் முடிவு. தேய்த்துத் தேய்த்து மென்மையாக்குவதுதானே உங்கள் வேலை?

சென்னையிலிருந்து

ஐயா, திண்ணையை மெழுகறது சாணத்தைப் பூசறதுதானே. நீங்க காட்டின வேரே அண்ணா சொன்ன பக்கம்தான் நிக்குது. துலக்கல் தாழ்ந்த சொல்லுன்னு சொன்னது எனக்கு வருத்தமா இருக்கு. எங்க வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேச்சு எங்க பாட்டி வெயில்ல வச்சா அதுல தெரு தெரியும். அது நுண்வேலை இல்லாம வேற என்ன?

ஸ்காபரோவிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் மூண்டு பெடியளைக் கூப்பிட்டு சொல்லுகளைத் துண்டில எழுதிக் குடுத்துப் பாத்தன். உரிப்பி எண்டதை உடன பிடிச்சிட்டாங்கள், ஒருத்தன் டின்னையே எடுத்துக் காட்டினான். வெண்மாழை ஒருத்தருக்கும் பிடிபடேல்ல. மெருகேற்றலுக்கு ஒருத்தன் வார்னிஷ் அடிக்கிறதோ எண்டு கேட்டான், அதோட நான் தீர்மானிச்சிட்டன். துலக்கல் எண்டு வாசிச்சதும் துணி எடுத்துத் துடைக்க வெளிக்கிட்டான் இன்னொருத்தன், அதுவும் முழுச் சரி இல்லத்தான், ஆனா பூசப் போகேல்ல. அதால முதல் தரம் வாற இடத்தில "துலக்கல், அதாவது பாலிஷ்" எண்டு போட்டு, பிறகு துலக்கல் மட்டும்.

உரிப்பிக்குப் பக்கத்தில தனிக் கட்டம் போட்டு காஸ்டிக் சோடா கூடாது எண்டு எழுதியிருக்கிறன். மெத்திலீன் குளோரைடு பற்றியும் ஒரு வரி, அமெரிக்காவில 2019இல அது சேர்ந்த பெயின்ட் உரிப்பியளை வீட்டுப் பாவனைக்கு விக்கிறதையே நிப்பாட்டினவை, அந்த ஆவி கதவு பூட்டின கராஜுக்குள்ள ஆளையே கொல்லும். இஞ்ச குளிருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்யிற பழக்கம் எல்லாரிட்டையும் இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பனியூர்தி தலைப்பில மட்டும். கியூபெக் வால்கூர்ட்டில பொம்பார்டியே எண்டவர் 15 வயசில, 1922இலேயே, காத்தாடி பூட்டின சறுக்கு வண்டி ஒண்டு ஓடவிட்டவர், 1959இல அவற்ற கொம்பனியின்ர ஸ்கி-டூ எண்ட ஸ்னோமொபைல் வந்தது. அதுக்கு முதல்ல நினைச்ச பேர் ஸ்கி-டாக் எண்டு சொல்லுவினம். இஞ்ச கனபேர் எந்தக் கொம்பனி வண்டியெண்டாலும் ஸ்கி-டூ எண்டுதான் கதைக்கிறவை, பெடியளும் அப்பிடித்தான், அதை என்னால மாத்தேலாது.

மதுரையிலிருந்து

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பைக் குழுமத்தில் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள், மெருகேற்றல் வேண்டாமென்றால் மெருகிடல் என்றாவது அடுத்த பதிப்பில் சேர்க்கவேண்டும். பூச்சில்லா அலுமினியம் சரி. மாழை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

கோயமுத்தூரிலிருந்து

ஐயா, மெருகிடல்லயும் இடறது வருதுங்களே. அந்த இழைல பேசலாம்.

ஸ்காபரோ அண்ணனுக்கு, கைநூல்ல எடம் இருந்தா ஒரு வரி சேத்துக்குங்க. கடைசில அந்தக் கருப்பு மை போக மாட்டேங்குதுன்னு ஈரத்துணி போட்டுத் தேக்கக் கூடாது. மேல கோதுமை மாவைத் தூவி, சுத்தமான காஞ்ச பனியன் துணில துடைக்கச் சொல்லுங்க. மெழுகை மாவு இழுத்துக்கும். அந்தத் துணி ஸ்டீல்வுல் கிட்ட இருந்ததா இருக்கக்கூடாது, ஒரு இரும்புத் துணுக்கு ஒட்டியிருந்தாலும் கீறல் விழுந்துரும், அப்புறம் 600ல இருந்துதான் வரணும்.